ஆறு பேர், ஒரு வாளி

தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையில் உட்காருவது. பஸ் நிற்கும், போலீஸ் வரும், எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இலங்கையில் மறியல் என்றால் சிறை. 'அவனை மறியலில போட்டுட்டாங்கள்' என்றால் உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். விசாரணைக் கைதியாக வைத்திருப்பதற்கு அங்கே பத்திரிகைகள் எழுதும் சொல்லே விளக்கமறியல்தான். எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவும் கலிபோர்னியாவில், ஒரு நாடுகடத்தல் வழக்கின் ஒலிப்பதிவைக் கேட்டபோது.

நான் வக்கீல் இல்லை. கும்பகோணத்துக்காரி, ஃப்ரீமாண்டில் மென்பொருள் சோதிக்கும் வேலை. ஒரு சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்துக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஒரு மணி நேர வேலை என்றார்கள். இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த மையத்துக்கு வந்த வழக்கின் நாயகர் இலங்கையின் வடக்கிலிருந்து வந்த ஓர் இளைஞர். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சுவரொட்டி ஒட்டியதற்காக ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தார்கள் என்பது அவர் தரப்பு. வெளியே வந்ததும் ஊரை விட்டுக் கிளம்பி, பல நாடுகள் தாண்டி, மெக்சிகோ எல்லையில் வந்து பிடிபட்டார். தடுப்பு மையத்தில் இருந்தபடியே அடைக்கலம் கேட்டார், வக்கீல் இல்லாமல். இந்த நாட்டில் நாடுகடத்தல் வழக்குக்கு உங்கள் காசில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அரசு தராது.

முதலில் வழக்கு போவது குடிவரவு நீதிமன்றத்துக்கு. பெயர்தான் நீதிமன்றம், உண்மையில் அது அட்டர்னி ஜெனரலின் (நம் ஊர்க் கணக்கில் சட்ட அமைச்சர் மாதிரி) இலாகாவுக்குள் இருக்கும் ஓர் அலுவலகம். நீதிபதியும் அவருடைய ஊழியர்தான். அங்கே தோற்றால் வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் இருக்கும் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம். அதுவும் அதே இலாகா. அங்கேயும் தோற்ற பிறகுதான் ஃபெடரல் அப்பீல் கோர்ட். ஆயுள் நியமனம் பெற்ற, அட்டர்னி ஜெனரலால் அசைக்க முடியாத நீதிபதிகளை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான். வழக்கின் பெயரில் எதிர்த்தரப்பாக வருவதும் அட்டர்னி ஜெனரலின் பெயர்தான். அவர் மாறினால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளுக்கும் பெயர் மாறும். பார் இருந்தார், கார்லண்ட் வந்தார், அப்புறம் பாண்டி. கடைசிப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் மதுரைப் பக்கத்து ஆள் போல இருக்கும்.

சரி, ஒலிப்பதிவுக்கு வருகிறேன்.

குடிவரவு நீதிமன்றத்தில் விசாரணையை ஒலிப்பதிவு செய்வார்கள். மேல்முறையீடு போனால் அதைத் தட்டச்சு செய்து வழக்குக் கட்டோடு சேர்ப்பார்கள். ஆனால் தட்டச்சில் ஏறுவது ஆங்கிலம் மட்டும். தமிழில் என்ன சொன்னாலும் அது ஏறாது, மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஆங்கிலம்தான் அவர் சொன்னது. அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளும் தம்பியைப் பார்க்கப் போவதில்லை. அவர் குரலைக்கூடக் கேட்கப் போவதில்லை. அவர்களுக்குத் தம்பி என்றால் சுமார் அறுநூறு பக்க ஆங்கிலக் கட்டு.

அந்த ஒலிப்பதிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். நம் ஊர்க் குரல், சென்னைப் பக்கம் என்று நினைக்கிறேன். பிடிபட்ட பிறகு என்ன நடந்தது என்று நீதிபதி கேட்டார்.

'மூண்டு மாசம் மறியலில இருந்தனான்.'

மொழிபெயர்ப்பாளர் துளியும் தயங்காமல் 'ப்ளாக்கேட்' என்றார். மூன்று மாதம் நான் ஒரு முற்றுகையில் இருந்தேன். எந்த மாதிரி முற்றுகை என்று நீதிபதி கேட்டார். அது தமிழுக்கு 'என்ன மாதிரி மறியல்?' என்று வந்து சேர்ந்தது. தம்பி, 'ஆமிக் காம்ப் மறியல் ஐயா' என்றார். ஆங்கிலத்தில் அது ராணுவ முகாம் முற்றுகை ஆயிற்று. நீதிபதியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நீங்கள் ராணுவ முகாமை மூன்று மாதம் முற்றுகையிட்டீர்களா? மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் 'ஆர்மி கேம்ப்லதான் மறியலா?' என்று சுருக்கிவிட்டார். தம்பி, 'ஓம் ஐயா, காம்பிலதான்' என்றார். ஆங்கிலத்தில்: ஆமாம்.

மறியலில் எத்தனை பேர்?

'ஆறு பேர். ஒரு வாளி.'

இதை மட்டும் மொழிபெயர்ப்பாளர் அப்படியே சொன்னார். ஆறு பேர், ஒரு வாளி. அறைக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நீதிபதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்த மொழிபெயர்ப்பாளரைக் கண்டபடி திட்ட வேண்டும் போல் இருந்தது. அப்புறம் யோசித்தேன், அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால்? அந்தச் சொல்லுக்கு நானும் முற்றுகை என்றுதான் சொல்லியிருப்பேன். கதைக்கிறது என்றால் பேசுவது, வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது என்ற அளவுக்குத்தான் என் இலங்கைத் தமிழ். ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சந்தேகமே இல்லாமல் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் இதில் ஆபத்து. வேற்று மொழியாக இருந்தால் திரும்ப ஒரு தடவை கேட்டிருப்போம்.

தீர்ப்பு நாம் எதிர்பார்க்கிற மாதிரிதான் வந்தது. மனுவில் சிறை என்கிறார், சாட்சியத்தில் முற்றுகை என்கிறார், இவர் சொல்வதை நம்ப முடியாது. ரியல் ஐடி என்று 2005-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி முரண்பாடு வழக்கின் மையத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, எந்த முரண்பாட்டை வைத்தும் ஒருவரை நம்பத்தகாதவர் என்று சொல்லலாம். இங்கேயோ முரண்பாடு மையத்திலேயே இருந்தது.

வாரியத்துக்குத் தம்பி தானே அப்பீல் செய்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பஞ்சாபிக்காரர் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். இருவருக்கும் பொதுமொழி எதுவும் இல்லை. கையாலும் காலாலும் பேசி, அந்தப் பஞ்சாபி எழுதிக் கொடுத்த காகிதம் ஒரு பக்கம். அதில் எட்டாவது வரி, தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் ஜெயில் சொன்னேன், போன் ஆள் ஸ்ட்ரைக் சொன்னான்.' அவ்வளவுதான். இலக்கணம் கிடையாது, சட்டப் பிரிவு எண் கிடையாது. இந்த வரியைப் பிற்பாடு திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

வாரியம் தள்ளுபடி செய்தது. அந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் அப்பீல் கோர்ட்டில் மறுஆய்வு மனு போட்டாக வேண்டும். முன்பு தொண்ணூறு நாள் இருந்ததை 1996-ல் கொண்டுவந்த சட்டம் முப்பதாகக் குறைத்தது. வாரியத்திடமே மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அதுவரை கெடு நிற்காதா என்றால் நிற்காது. 1995-லேயே ஸ்டோன் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைச் சொல்லிவிட்டது. ஒரு நாள் தாண்டினாலும் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2025 ஜூனில் ரைலி வழக்கில், இது கோர்ட்டின் அதிகாரத்தையே பறிக்கிற கெடு அல்ல, எதிர்த்தரப்பு எழுப்பினால் செல்லுபடியாகும் விதி என்று சொன்னார்கள். எதிர்த்தரப்பு எழுப்பாமல் விடுமா என்ன. தம்பிக்கு யாரோ மாதிரிப் படிவம் கொடுத்து, அவர் இருபத்தி நான்காம் நாள் தபாலில் போட்டிருக்கிறார். கட்டணம் கட்ட வசதி இல்லை என்று கூடவே ஒரு மனு.

இன்னொரு விஷயம், இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மனு போட்டுவிட்டால் நாடுகடத்தல் நின்றுவிடாது. 1996-க்கு முன்னால் பெரும்பாலும் தானாகவே நின்றது. இப்போது தனியாக ஸ்டே கேட்க வேண்டும். ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகளைப் பிரதேச வாரியாகப் பிரித்து சர்க்யூட் என்பார்கள், கலிபோர்னியா வருவது ஒன்பதாவது சர்க்யூட்டில். அங்கே அப்போதிருந்த நடைமுறைப்படி ஸ்டே மனுவைப் போட்டதுமே தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள், பிறகு சாவகாசமாக முடிவு செய்வார்கள். எல்லா சர்க்யூட்டிலும் அப்படி இல்லை. எந்த ஊரில் வழக்கு நடந்ததோ அதை வைத்துத்தான் எந்த சர்க்யூட் என்பது. ஆக, எந்தத் தடுப்பு மையத்தில் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில் பாதித் தலையெழுத்து இருக்கிறது.

ஸ்டே கொடுக்க நாலு விஷயம் பார்க்க வேண்டும் என்பது 2009-ல் வந்த நிக்கென் தீர்ப்பு. ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா, இப்போது அனுப்பினால் சரிசெய்ய முடியாத கேடு வருமா, மற்றவர்களுக்கு என்ன பாதிப்பு, பொதுநலன் எந்தப் பக்கம். நாடுகடத்தப்படுவது மட்டுமே சரிசெய்ய முடியாத கேடு ஆகிவிடாது என்றும் அதில் இருக்கிறது. ஏனென்றால், அனுப்பிய பிறகு ஒருவர் ஜெயித்தால் அவரைத் திரும்ப வர வைத்துவிடுவோம் என்று அரசுத் தரப்பு கோர்ட்டில் சொல்லியிருந்தது. 2012-ல் அதே அரசுத் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதியது: நாங்கள் அன்று சொன்னது சரியில்லை, அப்படி ஒரு முறையான ஏற்பாடு அப்போது இருக்கவில்லை. தீர்ப்பு என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

தம்பிக்கு ஸ்டே கிடைத்தது. இடையில் வேறொரு மனுவின் பேரில், கணுக்காலில் பட்டை கட்டி வெளியிலும் விட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். வக்கீல் இல்லாதவர்களின் வழக்கில் விஷயம் இருக்கிறது என்று தோன்றினால் ஒன்பதாவது சர்க்யூட்டே இலவச வக்கீலை ஏற்பாடு செய்யும், சட்டக் கல்லூரி மையங்களிடமும் கொடுக்கும். அப்படித்தான் வழக்கு மாணவர்கள் கைக்கு வந்தது, அப்படித்தான் ஒலிப்பதிவு என் காதுக்கு வந்தது.

மறியல் என்றால் என்ன என்று திங்கட்கிழமை காலையில் மையத்துக்குப் போன் செய்து மூச்சு விடாமல் சொன்னேன். தம்பியிடமும் கேட்டு உறுதி செய்தாயிற்று. அகராதியைக் காட்டுகிறேன், சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்றேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதில் எதையும் கோர்ட்டில் கொடுக்க முடியாது என்றார். அப்பீல் கோர்ட் பார்ப்பது கீழே இருந்து வந்த கட்டை மட்டும்தான், புதிதாக ஒரு துண்டுக் காகிதம்கூடச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். புது ஆதாரம் இருந்தால் வாரியத்திடமே வழக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்குத் தொண்ணூறு நாள் கெடு. அது தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. அதோடு, கீழே கண்டறிந்த உண்மைகளைச் சுலபத்தில் மாற்றவும் முடியாது. நியாயமாக யோசிக்கிற எவரும் வேறு முடிவுக்கு வந்தே தீர வேண்டும் என்றால்தான் மாற்றலாம். நானாக இருந்தால் வேறு மாதிரி தீர்ப்பு சொல்லியிருப்பேன் என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றினால் போதாது.

எனக்கு அழுகை வராத குறை. உண்மை என் காதில் இருக்கிறது, அதைச் சொல்ல வழி இல்லை.

மாணவர்கள் வேறு வழியில் போனார்கள். 2000-ல் இதே சர்க்யூட் தீர்த்த பெரெஸ் லாஸ்டர் வழக்கு. குவாத்தமாலாவில் கிச்சே என்ற பழங்குடி மொழி பேசுகிறவர் அவர். மொழிபெயர்ப்பு சரியில்லை என்பதைக் காட்ட மூன்று வகை அடையாளங்களை அந்தத் தீர்ப்பு சொல்கிறது: தப்பாக மொழிபெயர்த்த சொல் நேரடியாகத் தெரிவது, கேள்விக்குப் பொருந்தாத பதில்கள், புரியவில்லை என்று சாட்சியே சொல்வது. தமிழ் ஒலிக்காத ஆங்கிலக் கட்டிலேயே இவற்றைத் தேட முடியும். தேடினார்கள். முற்றுகையில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு ஆறு பேர், ஒரு வாளி என்று பதில். ஆறு பேர் ஒரு வாளியோடு ராணுவ முகாமை மூன்று மாதம் முற்றுகையிட முடியுமா? வாளி எதற்கு? அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டவனுக்குத்தான் வாளி கணக்கு.

அப்புறம் அந்தப் பஞ்சாபிக்காரரின் எட்டாவது வரி. வாரியத்திடம் எழுப்பாத குறையை அப்பீல் கோர்ட்டில் புதிதாக எழுப்ப முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அரசுத் தரப்பு எழுத்து வாதத்தில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்புக் குறையை இவர் வாரியத்திடம் சொல்லவே இல்லையாம். மாணவி பதில் மனுவில் அந்த வரியை எழுத்துப்பிழையோடு அப்படியே எடுத்துப் போட்டாள். வக்கீல் இல்லாதவர் எழுதியதைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்பதும் விதிதானே. அந்தப் பஞ்சாபிக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தம்பிக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், கட்டில் காலியானது.

இப்படிச் சொல்லில் தொங்கும் வழக்குகள் இங்கே ஒன்று இரண்டல்ல. 2021-ல் நிஸ் சாவெஸ் என்பவரின் வழக்கு 'ஒரு' என்ற சொல்லில் நின்றது. 'ஒரு நோட்டீஸ்' தர வேண்டும் என்று சட்டம் சொன்னால் அது ஒரே காகிதமா, விவரங்களைத் துண்டு துண்டாகப் பல காகிதங்களில் அனுப்பலாமா? ஒரே காகிதம்தான் என்று ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பு வந்தது.

இந்தக் கதவுவரைகூட வர முடியாதவர்களும் உண்டு. 2017 பிப்ரவரியில் ஓர் ஈழத்தமிழ் விவசாயி மெக்சிகோ எல்லையைத் தாண்டி இருபத்தைந்து கஜம் வந்ததும் பிடிபட்டார். அவருக்கு விரைவு முறையில் நாடுகடத்தல். ஓர் அதிகாரியின் நேர்காணல், ஒரு நீதிபதியின் சுருக்கமான பார்வை, அதோடு சரி. நேர்காணலில் தனக்கும் அதிகாரிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இடையே பேச்சு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. ஒன்பதாவது சர்க்யூட் 2019-ல் அவர் பக்கம் நின்றது. 2020 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஏழுக்கு இரண்டாக அதை மாற்றி, இவருக்குக் கோர்ட்டுக்கு வரவே வழி இல்லை என்றது. அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் துரைசிகியம் வழக்கு என்று இருக்கும். துரைசிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும், பெயரிலேயே ஓர் எழுத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று. தம்பிக்கும் அவருக்கும் ஊரில் பெரிய வித்தியாசம் இல்லை, எந்த வரிசையில் நிற்க வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பெரும்பாலான குடிவரவு மனுக்களை வாய்மொழி வாதம் இல்லாமலே முடித்துவிடுவார்கள். எங்களுக்கு வாதம் வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஏழாவது தெருவும் மிஷன் தெருவும் சேருகிற இடத்தில் கட்டடம். 1905-ல் திறந்தது, மறுவருடமே வந்த பூகம்பத்தில் ஊரே போனபோதும் இது நின்றது. உள்ளே சலவைக்கல்லும் மொசைக்கும், தஞ்சாவூர் அரண்மனையை யாரோ அளவுக்கு மேல் துடைத்து வைத்த மாதிரி. வாசலுக்கு வெளியே நடைபாதையில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறார்கள்.

வாதாடியது இருபத்தாறு வயது மாணவி. பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாணவர்களும் வாதாட அங்கே அனுமதி உண்டு. மேடையில் எண்கள் பின்னோக்கி ஓடும் கடிகாரம். அவள் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நடுவில் இருந்த நீதிபதி குறுக்கிட்டார். அரசுத் தரப்பு வக்கீல் வாஷிங்டனிலிருந்து வந்தவர், நிதானமான மனிதர், ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. அவரிடம் இடது கைப் பக்கம் இருந்த பெண் நீதிபதி கேட்டார்: அந்த வாளி எதற்கு என்று உங்கள் தரப்பு நினைக்கிறது?

அவர் காகிதத்தைப் புரட்டினார். பதிவில் அதற்கு விளக்கம் இல்லை என்றார்.

அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார் நீதிபதி.

தம்பி வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோர்ட் வாதங்களை யூடியூபில் போட்டுவிடும். முடிந்ததும் கேட்டார்: 'அக்கா, என்ர பேரை ஒருக்காத்தான் சொன்னவை. பேந்து முழுக்க மனுதாரர் மனுதாரர் எண்டுதான் கதைச்சவை, என்ன?' ஆமாம் தம்பி என்றேன்.

நாலு மாதம் கழித்து தீர்ப்பு வந்தது, முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாத சின்ன உத்தரவு, ஐந்து பக்கம். வாளி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மாணவி தம்பியையும் என்னையும் ஒரே அழைப்பில் சேர்த்தாள். அவள் குரல் நடுங்கியது. மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், 'ரிமாண்ட்' செய்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பக்கம் அமைதியானது. பாத்திரம் ஏதோ கீழே வைக்கும் சத்தம்.

'ரிமாண்டோ அக்கா? திரும்பவும் உள்ளுக்கோ?'

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவர் ஊரில் ரிமாண்ட் என்றால் விளக்கமறியல்.

இல்லை தம்பி, இல்லவே இல்லை, இது வேற ரிமாண்ட் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். கேஸைக் கீழே திருப்பி அனுப்புகிறார்கள், பழைய நாடுகடத்தல் உத்தரவு போய்விட்டது, வாரியம் அதைக் குடிவரவு நீதிபதியிடம் அனுப்பும், முதலிலிருந்து மறுபடி சாட்சி சொல்ல வேண்டும். எப்போது என்று கேட்டார். வருடக் கணக்கில் ஆகலாம் என்றேன். அடைக்கலம் கிடைத்துவிட்டதா என்றார். இல்லை, அதைக் கேட்கிற வாய்ப்புதான் திரும்பக் கிடைத்திருக்கிறது என்றேன். நாங்கள் தமிழில் என்ன இவ்வளவு நேரம் பேசுகிறோம் என்று மாணவி தவித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது பிரச்சினையா என்றாள். ஒன்றுமில்லை, மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

தம்பி மூச்சு விட்டது கேட்டது.

'சரி அக்கா. இந்தமுறை நான் ஜெயில் எண்டே சொல்லுறன்.'